7 பேர்ச்சஸ் காணியில் என்ன விளையும்?

மண்சரிவினால் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இழந்தது காம்பராவை மட்டுமல்ல. பின்புறத்து மரக்கறிப் பாத்தி, மாட்டுப்பட்டி, ஓடைக்கரையில் பரம்பரையாகச் செய்துவந்த துண்டு நிலம் ஆகியவையும் அத்துடன் போயின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது இதைக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகம் முழுவதும் மீண்டும் கண்டோம்.

அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் 7 பேர்ச்சஸ் காணியே கிடைத்தது. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஏழும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போகும். மலசலகூடம், குழி, நடைபாதை, கான் எல்லாம் கழித்தால் 30 அடிக்கு 30 அடி மிஞ்சினால் பெரிது. இதில் அரிசி விளையாது. குடும்பம் முழுவதற்கும் சோறு போடவும் முடியாது. வீட்டுத்தோட்டம் வறுமையைத் தீர்த்துவிடும் என்று கூட்டங்களில் பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் கீரை, போஞ்சி, சௌசௌ, ராபு, மிளகாய் ஆகியவற்றைக் கடையில் வாங்காமல் இருக்கலாம். 2022இல் விலைகள் ஏறியபோது கறிக்கு ஏதாவது பறிக்க இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் சிறியதல்ல.

முதலில் பார்க்க வேண்டியது சரிவு. வீட்டுக்காக வெட்டிய மண்திட்டை மேலும் அகலப்படுத்துவதற்காக அதன் அடியைத் தோண்டாதீர்கள். சரிவைத் தாங்கி நிற்பது அந்த அடிதான். கூரைத் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் திட்டின் மேல் ஊறக்கூடாது. கான் வெட்டிப் பக்கமாக வெளியேற்றுங்கள். சவுக்கு போன்ற பாரமான மரங்களைத் திட்டின் விளிம்பில் வைப்பதும் ஆபத்து.

பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே, மட்டமாக ஓட வேண்டும். கண்ணால் மட்டம் பிடித்தால் பிழைக்கும். பிலிப்பைன்ஸின் மின்டனாவோ மலைகளில் 1970களில் பரப்பப்பட்ட சரிவு நில விவசாய முறையில் பயன்படும் ஒரு சட்டத்தை வீட்டிலேயே செய்யலாம். ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை மூன்றடி அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிலத்தில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பின் கால்களை இடம் மாற்றி அதே தடங்களில் நிறுத்தி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, நூல் நடுப்புள்ளியில் நிற்கும்வரை மற்றக் காலை மேலும் கீழுமாக நகர்த்தி, நின்ற இடத்தில் முளை அடியுங்கள். இப்படியே காணியின் அகலம் முழுவதும் நடந்து போனால் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் மானாப்புல்லை நெருக்கமாக நடுங்கள். 30 அடிக்கு இரண்டு வரிசை போதும். மழையோடு வரும் மண் புல்லின் மேற்புறம் தங்கி, இரண்டு மூன்று ஆண்டில் தானாகவே படிக்கட்டு அமையும். வெட்டிய புல் பாத்திக்கு மூடாக்காகும்.

அடுத்தது மண். தேயிலை நின்ற மண் புளிப்பானது. தேயிலைக்கு அது பிடிக்கும், மரக்கறிக்குப் பிடிக்காது. முதல் தடவை 10 அடிக்கு 10 அடி பாத்திக்கு 2 கிலோ அளவில் டொலமைட் தூவி முள்ளால் கொத்திக் கலந்துவிடுங்கள். அடுப்புச் சாம்பலும் உதவும். சாணத்தை இரண்டு கிழமை கழித்தே போடுங்கள்; இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சாணத்தின் சத்து காற்றில் போய்விடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்து, அவ்வாண்டு நவம்பரிலேயே விலக்கிக்கொண்டது. பெரிய தோட்டங்களை அது உலுக்கியது. இந்த அளவு காணிக்கோ சமையற் கழிவும் கலியாண முருங்கை இலையும் சாணமும் சேர்ந்த கூட்டெருவே தாராளம். களைநாசினி அடித்த மலையிலிருந்து மட்டும் புல் கொண்டுவந்து எருவில் சேர்க்காதீர்கள்.

சௌசௌவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விதை வாங்க வேண்டாம். முளைவிட்ட முழுக்காய் ஒன்றைச் சரித்து, பாதி வெளியே தெரிய நட்டால் போதும். பந்தலை மலசலகூடக் கூரைக்கு மேலே போடலாம்; நிலம் வீணாகாது. காயும் கறி, கொழுந்தும் கறி. ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அது வேர் பிடித்துவிட வேண்டும். நுவரெலியாவில் தை, மாசி உறைபனி இளங்கொடியைக் கருக்கிவிடும். அங்கு பனி கழிந்தபின் நடுங்கள். உருளைக்கிழங்கு வேண்டாம் என்பதே எமது எண்ணம். விதைச் செலவும் மருந்துச் செலவும் இவ்வளவு சிறிய இடத்துக்குக் கட்டாது.

இன்னொன்று. நாள் முழுவதும் கொழுந்தெடுத்து வரும் பெண்ணின் தலையில் இந்தப் பாத்தியையும் சுமத்தாதீர்கள். கொத்துவதும் கான் துப்புரவு செய்வதும் வீட்டு ஆண்களின் வேலையாகட்டும்.

உறுதி இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் பல. அவர்கள் மரம் வைக்கத் தயங்குவது நியாயமே. கீரைக்கும் போஞ்சிக்கும் உறுதி தேவையில்லை, அவற்றில் தொடங்குங்கள். எல்லையை அயலவரோடு பேசி, முளை அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கான் துப்புரவு செய்யும்போது நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திட்டிலிருந்து திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அன்றிரவு மழை பெய்தால் அந்த வீட்டில் படுக்க வேண்டாம்.