காசில்லாத பணப்பை

பிட்காயின் என்னும் மின்நாணயத்திற்குரிய பணப்பையில் நாணயம் எதுவும் இருப்பதில்லை என்றால் மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும். கணக்கு முழுவதும் உலகெங்குமுள்ள கணினிகளில் எழுதப்பெற்ற பொதுப் பேரேட்டில் உள்ளது. பையில் இருப்பது திறவுகோல் மட்டுமே. 2009 ஜனவரி 12 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரினர் ஹால் பின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பியதும் இம்முறையில்தான்.

பெற விரும்புவோர் தம் பை காட்டும் முகவரியை அனுப்புவோருக்குத் தெரிவித்தல் போதும். அனுப்புவோர் அம்முகவரியையும் தொகையையும் குறித்து ஆணையிட, அவருடைய பை திறவுகோலால் கையொப்பமிடுகிறது. ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒருமுறை பேரேட்டில் புதிய பக்கம் சேர்கிறது. அதில் ஏறிய தொகை பிறர் முகவரிக்குச் சென்றிருப்பின், அவர் மனமிரங்கித் தந்தாலன்றித் திரும்பாது. வங்கியிலாவது முறையிடலாம், இங்கே முறையிட அலுவலகமே இல்லை! ஆதலின் முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்ப்பது நன்று.

திறவுகோலை மீட்டுத் தரும் சொற்கள், பெரும்பாலும் 12 அல்லது 24, தாளில் எழுதிக் காக்கத்தக்கவை. அவற்றை அறிந்தவர் எவரோ, பணம் அவர் கையில்.