மீண்டும் அலிஃப் எழுதியவர்

வாடிப்பட்டி என்றதும் உங்களில் பலருக்கு மேளச் சத்தம்தான் நினைவுக்கு வரும். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் அந்தச் சாலையில் எனக்கு இப்போது நினைவுக்கு வருவது ஒரு நிக்காஹ் விளம்பரப் பதாகை. ஜும்ஆத் தொழுகை முடிந்து திரும்பும் வேளையில் அதைக் கண்டேன். மணமக்கள் பெயர்களும், இரு வீட்டார் பெயர்களும், வாழ்த்துவோரின் முகங்களும் பளிச்சென்று அச்சாகியிருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, தங்க நிறத்தில், பிஸ்மில்லாஹ்.

அருகில் சென்று நோக்கியபோது நெஞ்சு திடுக்கிட்டது. ஓர் எழுத்தோடு ஓர் எழுத்து சேரவில்லை. அறுந்த தஸ்பீஹ் மணிகளைப் போல ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றன. அதுமட்டுமா? வலப்புறம் தொடங்க வேண்டியது இடப்புறம் தொடங்கியிருந்தது. இறைவனின் திருநாமம் தலைகீழாக நின்றுகொண்டிருக்க, அதன் கீழே நம்மவர்கள் நின்று பெயர்களைப் படித்தார்கள், நலம் விசாரித்தார்கள், நகர்ந்தார்கள். நாள்தோறும் திருக்குர்ஆன் ஓதுகின்ற பெரியவர்களும் அவர்களில் இருந்தனர். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை என்பதே என்னை அதிகம் வருத்தியது.

இது எப்படி நேர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். அரபி எழுத்து, சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவம், நடுவில் வரும்போது ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம், தனித்து நிற்கையில் ஒரு வடிவம் என்று மாறக்கூடியது. இந்த இயல்பை அறியாத கணிப்பொறி மென்பொருளில் அதை இட்டால், எல்லாவற்றையும் தனித்த வடிவிலேயே வரிசையாக வைத்துவிடும். தமிழில் 'கோ' என்பதன் கொம்பையும் காலையும் கழற்றி வெவ்வேறு இடத்தில் வைத்தால் எப்படியிருக்கும்? ஒரு பள்ளிச் சிறுவனும் அதைக் கண்டு சிரிப்பான். அரபியில் நேர்ந்தால் நமக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. ஓதுவதற்கு நாவைப் பழக்கினோம். பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்காமல் விட்டுவிட்டோம்.

அன்றிரவு பெங்களூரில் வாழும் ஒருவரைப் பற்றிய நினைவு எனக்கு வந்தது. அவர் பெயர் முக்தார் அஹ்மத். இன்றைய தெலங்கானாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். உர்தூப் பத்திரிகைகளுக்குக் கையால் எழுதித் தரும் காத்திபாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

காத்திப் என்றால் யார் என்பதை அறிய நீங்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னை திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே, 1927-இல் சையத் அஸ்மத்துல்லாஹ் அவர்கள் தொடங்கிய 'முசல்மான்' என்னும் உர்தூ நாளேடு, இந்த நூற்றாண்டிலும் கையால் எழுதப்பட்டே வெளிவந்தது. நான்கு பக்கங்கள், ஒரு பக்கத்தை எழுதி முடிக்க ஒரு காத்திபுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த எழுத்துப் பலகையின் முன்னே பெண்களும் அமர்ந்து எழுதியிருக்கிறார்கள். பிற ஊர்களில் இத்தொழில் இவ்வளவு காலம் நிலைக்கவில்லை. 1994-இல் உர்தூவைக் கணிப்பொறியில் அமைக்கும் 'இன்பேஜ்' வந்ததும், நாடெங்கும் காத்திபுகளின் எழுதுகோல்கள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்பட்டன. வேலை இழந்த அந்தக் கூட்டத்தில் முக்தார் அஹ்மதும் ஒருவர்.

இத்தகைய நிலையில் வேறு தொழில் தேடுவதே உலக வழக்கம். இவரோ மீண்டும் மாணவராக அமர்ந்தார். நாளெல்லாம் எழுதி எழுதித் தழும்பேறிய கையுடையவர், எழுதத் தெரியாதவரைப் போல அலிஃபிலிருந்து தொடங்கினார். அவருக்கு வாய்த்த ஆசான்களுள் ஒருவர் அமெரிக்காவில் வாழும் முஹம்மத் ஸகரிய்யா. அந்த ஆசானின் கதையும் இதே கதைதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1942-இல் கலிபோர்னியாவில் பிறந்து, இளமையில் மொராக்கோ சென்று, இஸ்லாத்தைத் தழுவியவர் ஸகரிய்யா. தாமாகவே நூல்களைப் பார்த்து எழுதிப் பழகிப் பல ஆண்டுகள் கழித்து இஸ்தான்புல் நகர ஆசான்களை அவர் அணுகியபோது, கிடைத்த அறிவுரை என்ன தெரியுமா? கற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்பதே. நம்மில் எத்தனை பேருக்கு அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்க மனம் வரும்? அவர் அமர்ந்தார். 1988-இல் ஹஸன் செலெபி என்னும் பேராசானிடம் இஜாஸத் பெற்றார். 2001-இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட பெருநாள் அஞ்சல்தலையில், நீல நிறத்தின் மீது தங்கமாக ஒளிரும் 'ஈத் முபாரக்' இவர் கைவண்ணமே.

ஹஸன் செலெபி, பள்ளிவாசலில் பாங்கு சொல்பவராகவும் இமாமாகவும் பணியாற்றியவர். அவருக்குக் கற்பித்தவர் ஹாமித் ஐதச் (1891–1982). 1928-இல் துருக்கி நாடு அரபி எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறிய பின்னர், அங்கே இக்கலை தெரிந்தவர்களுக்குப் பிழைப்பே இல்லாமற் போயிற்று. ஹாமித் அவர்கள் விலைச்சீட்டுகளும் முகவரி அட்டைகளும் அச்சடித்து வாழ்ந்துகொண்டே, கற்க வந்த ஒரு சிலருக்கு இக்கலையைக் கையளித்தார். நாடு கைவிட்டதைச் சில மனிதர்கள் கைவிடவில்லை. அந்தச் சங்கிலியின் கண்ணிதான் பெங்களூர் வரை நீண்டு வந்தது. 2013-இல், இஸ்தான்புல்லில் உள்ள இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆய்வு மையமான இர்சிகா வழியே முக்தார் அஹ்மத் இஜாஸத் பெற்றார். இந்தியர் ஒருவர் அங்கே இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதல் முறை.

இஜாஸத் என்பது வெறும் சான்றிதழ் அன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஸனது என்று நம் ஆலிம் பெருமக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுத்தணிக் கலையிலும் அவ்வாறே ஒரு தொடர் உண்டு. இஜாஸத் பெறாத மாணவன், எவ்வளவு அழகாக எழுதினாலும், 'இதை எழுதியவன்' என்று தன் பெயரைக் கீழே இடுவதில்லை. பெயர் எழுதுவதற்கே அனுமதி வேண்டிய கலை இது! எதை எழுதினாலும் முதலில் பெயரை எழுதிக்கொள்ளும் நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

பயிலும் முறையையும் சற்றுக் கேளுங்கள். முதற்பாடம் தனி எழுத்து அன்று, ஒரு துஆ. காரியத்தை எளிதாக்குவாயாக, கடினமாக்கிவிடாதே என்று இறைவனை வேண்டும் ஒரே வரி. ஆசான் மேலே எழுதித் தருவார். மாணவன் கீழே பார்த்து எழுதுவான். தவறிய இடங்களை ஆசான் சிவப்பு மையால் திருத்தித் தருவார். மீண்டும் அதே வரி. வாரங்கள் கழியும், மாதங்கள் கழியும். நீ அடுத்த பாடத்துக்குச் செல் என்று ஆசான் சொல்லும் வரை அந்த ஒரு வரிதான்.

அளவுகோல் எது என்றால், எழுதுகோலின் முனை இடும் புள்ளியே. முனை அகலத்தில் சாய்சதுரமாக ஒரு புள்ளி வைத்து, அத்தகைய ஏழு புள்ளிகளின் உயரம் துலுத் எழுத்தின் அலிஃப், ஐந்து புள்ளிகளின் உயரம் நஸ்க் எழுத்தின் அலிஃப் என்று கணக்கு. இவ்வாறு எழுத்துக்குப் புள்ளியால் அளவு கண்டவராகப் போற்றப்படுபவர் பக்தாதின் இப்னு முக்லா. மூன்று கலீஃபாக்களுக்கு அமைச்சராக இருந்து, அரசியல் சூழ்ச்சியில் வலக்கை வெட்டப்பட்டு, 940-இல் சிறையில் மறைந்தார். கை போன பின்னும் எழுதுகோலை முழங்கையில் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

எழுதுகோல் நாணலில் சீவப்படுவது. மை, விளக்குப் புகைக்கரியோடு வேலம்பிசின் கலந்து குழைப்பது. ஓலைச்சுவடிக்குக் கரி பூசிய நம் பாட்டன்மார்க்கு இது அந்நியமாக இருந்திராது. தாளுக்கு முட்டையின் வெண்கருவும் படிகாரமும் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, பல மாதம் கிடத்தி வைப்பார்கள். அவ்வாறு பதப்படுத்திய தாளில் மை ஊறிப்போகாது. பிழை நேர்ந்தால் சுரண்டித் திருத்தலாம். எழுதுகோல் சீவிய துகளைக்கூட வீணாக்குவதில்லை. பக்தாதின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (வஃபாத் 1201) தாம் ஹதீஸ் எழுதிய எழுதுகோல்களின் சீவல்களைச் சேர்த்து வைத்து, தம் மய்யித்தைக் குளிப்பாட்டும் நீரை அவற்றைக்கொண்டே சூடாக்க வேண்டும் என்று சொல்லிச் சென்றார், அவ்வாறே செய்தனர்.

இதெல்லாம் பக்தாதுக்கும் இஸ்தான்புல்லுக்கும் உரியது, நமக்கு என்ன என்று எண்ணிவிடாதீர்கள். தமிழின் ஓசைகளுக்காக அரபி எழுத்துகளின் மேலும் கீழும் புதுப் புள்ளிகளை இட்டு, அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்து முறையையே ஆக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அதில் நூல்களே இயற்றினார்கள். கல்லச்சில் ஏற்றிய அந்நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்தாளரின் விரல் வழியே வந்தவை. உங்கள் பாட்டியாரின் பெட்டியில் ஒன்று இருந்தாலும் இருக்கும். கரையான் தின்னுமுன் திறந்து பாருங்கள். முக்தார் அஹ்மதைத் தேடிப் பெங்களூர் வரை நம் பிள்ளைகள் செல்வார்களோ இல்லையோ, அந்தப் பெட்டி வரை செல்ல இயலும்.

அடுத்த வாரம் வாடிப்பட்டியில் அந்தப் பதாகை அச்சிட்ட கடையைத் தேடிச் சென்றேன். சண்டையிடும் எண்ணத்தோடு சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணிப்பொறியின் முன் இருபது வயதுக்குள் ஒரு பையன். நம் சமயத்தவன் அல்லன். செய்தியைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது.

"தெரியாமப் போச்சு பாய். அவங்களும் பார்த்துட்டு சரின்னுதான் சொன்னாங்க" என்றான்.

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தாளையும் பேனாவையும் என் முன் வைத்தான். "நீங்க எழுதிக் காட்டுங்க பாய். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்?"

எழுதி எத்தனை ஆண்டுகள் ஆயிற்றோ! கை நடுங்கியது. வலப்புறத்தில் பேனாவை வைத்து, ஒரு 'பே' எழுதினேன். அது கோணலாகத்தான் வந்தது. கீழே புள்ளியை வைத்துவிட்டு, அடுத்த எழுத்தை அதனோடு சேர்க்கும் இடத்தை அவனுக்குக் காட்டினேன்.