பேசியது ஒரு தொகை, பில் வேறொரு தொகை

வீடு கட்டும்போது கான்ட்ராக்டர் ‘எக்ஸ்ட்ரா’ என்று கேட்பது பெரும்பாலும் மூன்று சமயங்களில்: கடைக்கால் தோண்டும்போது, ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின வாரம், கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்த பிறகு. மூன்றுமே வீட்டுக்காரர் மறுத்துப் பேச முடியாத நேரங்கள். வங்கிக் கடன் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டோடு நின்றுவிடும். கூடுதலாகக் கேட்கும் இரண்டு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் நகைதான் அடகுக் கடைக்குப் போகிறது. அப்படி அடகு வைப்பதற்கு முன்பு சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடுதல் தொகை எல்லாமே ஏமாற்று அல்ல. கரிசல் மண்ணில் ஐந்தடிக்குப் பேசிய கடைக்கால் எட்டடி போக வேண்டியிருக்கலாம். நாமே நடுவில் “இங்கே ஒரு லாஃப்ட், அங்கே ஒரு ஜன்னல்” என்று சொல்லியிருக்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்துகொடுத்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. ஆகவே, வாய்வார்த்தையாகச் சொல்லி வாங்கிய வேலைக்கும் நியாயமான கூலியும் பொருள்விலையும் கொடுத்தே ஆக வேண்டும். அநியாயம் தொடங்குவது வேறு இடத்தில். விலை சொல்லாமல், சம்மதம் கேட்காமல் வேலையை முடித்துவிட்டு, ஏற்கெனவே பேசிய தொகைக்குள் அடங்கிய வேலையையும் அதோடு சேர்த்து பில் போடுவதுதான் அது.

சண்டைகளில் பெரும்பாலானவை ‘சதுர அடி ரேட்’டில்தான் முளைக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு. 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசினால் 28,80,000 ரூபாய். கடைசியில் அளக்கும்போது போர்டிகோ 120, மாடிப்படி ஹெட்ரூம் 130 என்று கான்ட்ராக்டர் சேர்த்துக்கொள்கிறார். 250 சதுர அடி கூடியது. தொகை 6,00,000 ரூபாய் ஏறிவிட்டது. போர்டிகோவுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா என்று முதல் நாளே யாரும் கேட்டிருக்கவில்லை. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கைப்பிடிச் சுவர், முகப்பு எலிவேஷன், போர்வெல், ஈபி இணைப்பு எல்லாம் சதுர அடி ரேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதும் அப்படித்தான். வீட்டுக்காரர் “எல்லாம் சேர்த்துத்தானே” என்று நினைத்திருப்பார். கான்ட்ராக்டர் “அதெல்லாம் தனிதானே” என்று நினைத்திருப்பார், அல்லது நினைத்ததாகச் சொல்வார்.

இதனால்தான் ஒப்பந்தத்தில் தொகையைவிட விவரம் முக்கியம். எதை எப்படி அளப்பது, எது பாதி ரேட், சம்ப் எத்தனை லிட்டர், காம்பவுண்டு சுவர் எத்தனை அடி நீளம், கடைக்கால் எத்தனை அடி ஆழம் வரை, அதற்குக் கீழே போனால் அடிக்கு என்ன ரேட், டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, எத்தனை எலக்ட்ரிக் பாயிண்ட், நிலைக்கு என்ன மரம், சிமென்டும் கம்பியும் எந்த கம்பெனி என அத்தனையும் எழுத வேண்டும். வரைபடத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். நாலு பக்கம் எழுதச் சொன்னதற்கே கோபித்துக்கொள்கிறவரிடம் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பொருள் விலை ஏறினால் யார் தாங்குவது என்ற வரியும் அதில் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் கிரஷர் உரிமையாளர்களின் போராட்டத்தால் எம்-சாண்ட், ஜல்லி கிடைக்காமல் தமிழகத்தில் கட்டுமான வேலைகள் தடுமாறின. அப்படிப்பட்ட ஏற்றத்துக்குக் கான்ட்ராக்டர் கூடுதல் கேட்பதை ஒரேயடியாகக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவு எத்தனை பில்களில் தெரிந்தது? விலை ஏறினால் கூட்டலாம் என்று எழுதும் ஒப்பந்தம், இறங்கினால் குறைக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். விலை மாற்றம் பற்றிய வரியே இல்லாமல் மெட்டீரியலுடன் மொத்தத் தொகை பேசியிருந்தால், ஏற்றத்தைக் காட்டிக் கூடுதல் கேட்கும் உரிமை கான்ட்ராக்டருக்குத் தானாக வந்துவிடாது.

கட்டிட வேலையில் மாற்றங்கள் வரத்தான் செய்யும். மாற்றம் சொன்ன அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: “படிக்கட்டுக்கு டைல்ஸுக்குப் பதில் கிரானைட். கூடுதல் செலவு எவ்வளவு? சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.” அவர் தொகையைப் போட்டு, நாம் ‘சரி’ என்று பதில் போட்டால் இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு இத்தகைய செய்திகளைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே வேலைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் அபராதம் வாங்கியவருக்கு.

கடைசி பில்லில் திடீரென்று முளைக்கும் ‘ஜிஎஸ்டி 18%’ பலரை அதிர வைக்கிறது. தனி வீடு ஒன்றுக்குக் கூலி மட்டும் பேசிய லேபர் கான்ட்ராக்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெட்டீரியலும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு வரி உண்டு என்றாலும், பதிவு பெற்றவர் மட்டுமே அதை வசூலிக்க முடியும். பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சிறு தொழில் செய்வோருக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி கேட்க முடியாது. எனவே ஜிஎஸ்டி பதிவெண் போட்ட வரி பில்லைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் 33 என்று தொடங்கும் 15 எழுத்துகளும் எண்களும் கொண்டது. ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

எதிர்பாராத பில் வந்துவிட்டது. என்ன செய்வது? கோபத்தில் ஒரு பைசாவும் தர மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். பயந்துபோய் முழுவதையும் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ரேட், தொகை எனப் பிரித்து எழுதிக் கேளுங்கள். ‘இதர வேலைகள் ஒரு லட்சம்’ என்பதெல்லாம் பில் ஆகாது. ஒரு சுயேச்சையான பொறியாளரை அழைத்து, இரு தரப்பும் இருக்கும்போதே டேப் பிடித்து அளந்து கையெழுத்து வாங்குங்கள். ரேட் பற்றித் தகராறு என்றால் பொதுப்பணித்துறையின் விலை விகிதப் பட்டியலை ஒரு அளவுகோலாகக் காட்டலாம். ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு, மீதியை ஏன் ஏற்கவில்லை என்று கடிதமாக எழுதுங்கள். கிரகப்பிரவேச நெருக்கடியில் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், “ஆட்சேபத்துடன் தருகிறேன், திரும்பக் கோரும் உரிமை எனக்கு உண்டு” என்ற செய்தியையாவது அனுப்பிவிடுங்கள். அது இல்லாவிட்டால், மனமொப்பித் தந்ததாகவே பின்னால் வாதாடுவார்கள்.

கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டால் மறுநாளே வேறு மேஸ்திரியை இறக்கிவிடக் கூடாது. புது வேலை தொடங்கிய பிறகு யார் எது வரை கட்டினார் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. முதலில் நின்ற நிலையைத் தேதியோடு படமும் வீடியோவும் எடுத்து, பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, வேலையைத் தொடர 15 நாள் போல அவகாசம் கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் வேறு ஆளை வைத்து முடித்து, கூடுதலாக ஆன செலவை ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி இழப்பீடாகக் கோரலாம்.

எங்கே போவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். காவல் நிலையத்தில் பெரும்பாலும் ‘இது சிவில்’ என்று சொல்லி அனுப்புவார்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தாலோ, மிரட்டல் இருந்தாலோ மட்டுமே அது குற்ற வழக்கு. உள்ளூர்ப் புள்ளிகளை வைத்துப் பஞ்சாயத்து பேசுவது இன்னும் ஆபத்து. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவர்களுக்கானது; சொந்த மனையில் தனி வீடு கட்டுகிறவருக்கு அது பொருந்தாது. ஃபிளாட் வாங்குவோருக்கு அங்கே ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு: பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

தனி வீட்டுக்காரருக்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வீட்டுக் கட்டுமானத்தைச் ‘சேவை’ என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலையைவிட அதிகம் வசூலிப்பதைப் புகாருக்கான காரணங்களில் ஒன்றாகவும் அது வைத்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 20 முதல் 50 லட்சம் வரைக்கும் 1,000 ரூபாய்தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலேயே, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் புகார் செய்யலாம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கதவு மூடாது. கணக்கு மிகவும் சிக்கலாக இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதும் உண்டு. வழக்குக்கு முன் பேசித் தீர்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். “அடுத்த மாசம் கணக்கு முடிச்சிடலாம் சார்” என்ற பேச்சிலேயே பலருக்கு அந்தக் காலம் கடந்துவிடுகிறது. பில், ரசீது, செய்திகள், அளவெடுத்த தாள் எல்லாவற்றையும் இன்றே ஒரு ஃபைலில் போடுங்கள்; நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்.