வகைப்பாடும் வாக்கெடுப்பும்

புளூட்டோ ஒரு கோள் அல்ல என்று சர்வதேச வானியல் ஒன்றியம் 2006-இல் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பை நான் புன்னகையுடனேயே கவனித்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பேரவை, புளூட்டோவைக் கோளாகவே போற்றி மறு ஆண்டு தீர்மானம் நிறைவேற்றியது. நம் பாசத்தால் அதன் சுற்றுப்பாதை மாறிவிடாது. அறிவியல் வகைப்பாட்டில் மக்கள் கருத்துக்கு இடமில்லை என்று அன்று உறுதியாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையை அசைத்தது மனநல மருத்துவத்தின் வரலாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தன்பாலின ஈர்ப்பு 1973 வரை மனநோயாகவே இருந்தது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் பற்றியவை. மருத்துவமனைக்குள் மட்டுமே தேடினால் நோயாளிகள்தாமே கிடைப்பார்கள்! உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், சிகிச்சை எதையும் நாடாத தன்பாலின ஈர்ப்புடைய ஆண்கள் 30 பேரையும் மற்ற ஆண்கள் 30 பேரையும் சோதித்தார். யார் எவர் என்று தெரிவிக்கப்படாத வல்லுநர்களால் அந்த முடிவுகளைக் கொண்டு இரு சாராரையும் வேறுபடுத்த இயலவில்லை. இது வெளியானது 1957-இல்.

ஆயினும் பட்டியல் மாற மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1970-இல் சங்கத்தின் மாநாட்டுக்குள் போராட்டக்காரர்கள் புகுந்தனர். 1972-இல் ஜான் ஃபிரையர் என்ற மனநல மருத்துவர், வேலை பறிபோகும் என்ற அச்சத்தால் முகமூடி அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டு, தாமும் அத்தகையவரே என மேடையில் பேசினார். மறு ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு அந்த நோய்ப்பெயரை நீக்கியது. எதிர்ப்பாளர்கள் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு கோரினர். 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர்.

அறிவியலை வாக்குச்சீட்டு வென்றுவிட்டது என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அன்றைய பெரும்பான்மை மக்களிடம் கேட்டிருந்தால் அந்த நோய்ப்பெயர் நீடித்தே இருக்கும். போராடியவர்கள் பொதுமக்கள் அல்லர், வகைப்படுத்தப்பட்டவர்கள். அவர்கள் புதிய சான்று எதையும் படைக்கவில்லை. கிடப்பில் கிடந்த சான்றைப் படிக்க வைத்தார்கள். புளூட்டோவுக்கு இத்தகைய வாய்ப்பு இல்லை, தேவையும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1990-இல் இதே முடிவுக்கு வந்தது. எனினும், தன்பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்து சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட வேண்டியிருந்தது.