குளத்தங்கரைப் பள்ளி – 9: குத்தகைக்காரரின் கணக்கு

தை பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் பறவை பார்ப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய குளங்கள் அப்போதுதான் தெளிந்து நிற்கும். வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஊன்றி மேயும் நேரம் அது. தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் நடப்பது இந்தப் பருவத்தில்தான். நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்கு மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலகம் போகிறவர்களும் குழு குழுவாகப் பிரிந்து போவார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்று, கண்ணில் பட்ட காக்கை, மைனாவையெல்லாம் எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும்.

இந்த எண்ணும் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் பள்ளிப் பிள்ளைகள். கரையில் வரிசையாக நிறுத்தி, “அதோ அரிவாள்மூக்கன், இதோ நத்தைகுத்தி நாரை” என்று விரல் நீட்டினால் “சரி சார்” என்பார்கள். பத்து நிமிடத்தில் ஓட்டுச்சில்லைப் பொறுக்கித் தண்ணீரில் விட ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணச் சொன்னால் கதையே வேறு. போன மாதம் மானூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் குளத்தில் முக்குளிப்பான்களை எண்ணச் சொன்னோம். ஒருவன் பதினொன்று என்றான், பக்கத்தில் நின்றவள் பதினேழு என்றாள். இருவர் மேலும் குற்றமில்லை. முக்குளிப்பான் இங்கே முங்கி எங்கேயோ எழும். மடையிலிருந்து முதல் கருவேல மரம் வரை உனக்கு, அதற்கு அப்பால் அவளுக்கு என்று தண்ணீரைப் பங்கு போட்டுக்கொடுத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அந்தச் சண்டைக்குள் முக்குளிப்பான் எவ்வளவு நேரம் மூச்சடக்கும், எந்தப் பக்கம் தலைதூக்கும் என்பதையெல்லாம் அவர்களாகவே பார்த்துவிட்டார்கள்.

  

அதே குளத்தில் பட்டுப்போன கருவேலத்தின் மேல் சின்ன நீர்க்காகங்கள் இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தன. “சட்டையைக் காயப்போடுதா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். ஏறக்குறைய அதுதான். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டுவிடும். நீர்க்காகத்தின் வெளி இறகு நனைந்துவிடும். நனைந்து கனத்த உடம்பு ஆழத்துக்கு முங்க வசதி. கரையேறியதும் உலர்த்தியாக வேண்டும். தொலைநோக்கி கைமாறிக்கொண்டே இருந்தது. அதன் கண்ணைப் பார்த்தவர்கள் அடுத்தவருக்குத் தர மறுத்தார்கள்.

அப்போதுதான் வெடிச் சத்தம். நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பிவிட்டன. மறுகரையிலிருந்து, வெடி போட்ட மீன்பாசிக் குத்தகைக்காரர் வந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளைகள் எண்ணிக்கிட்டு இருக்காங்க…” என்றேன்.

“எண்ணட்டும், வேண்டாங்கல. ஏலே, நீங்க எண்ணுதது எல்லாம் எம் மீனைத் திங்கியதுலா? அந்தக் கணக்கையும் சேத்து எழுதுங்கலே.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏலத்தில் பணம் கட்டி, விரல் நீள ரோகு, கட்லாக் குஞ்சுகளை வாங்கி விட்டிருக்கிறார். நீர்க்காகத்துக்கு அது வாய்க்கு ஏற்ற அளவு. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வீட்டு மரங்களில் கூடு கட்டினால் ஊரே பார்த்துக்கொள்கிறது, சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிற ஊரில் விவசாயிக்குப் பறவையால் லாபம். மீன் குத்தகைக்காரருக்கு என்ன லாபம்? இதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு நடத்துகிற இயற்கைக் கல்வி பாதிதான்.

எனவே நோட்டில் நடுவே ஒரு கோடு இழுக்கச் சொன்னோம். இடப்பக்கம் மீன் தின்பவை, வலப்பக்கம் தின்னாதவை. நீர்க்காகம், பாம்புத்தாரா, வெள்ளைக் கொக்குகள் இடப்பக்கம் போயின. நாமக்கோழி பாசியும் செடியும் மேய்வது, வலப்பக்கம். புள்ளிமூக்கு வாத்தும் நீலத்தாழைக்கோழியும் அங்கேதான். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை; அரிவாள்மூக்கனுக்குச் சேற்றுப் பூச்சியும் தவளையும். முக்குளிப்பான் பூச்சியும் தின்னும், சின்ன மீனும் தின்னும். அதைக் கோட்டின் மேலேயே எழுதினார்கள். கூட்டிப் பார்த்தபோது அன்று அந்தக் குளத்தில் வலப்பக்கம்தான் அதிகம், நாமக்கோழிக் கூட்டத்தால்.

நோட்டை வாங்கிப் பார்த்த அண்ணாச்சிக்கு நாமக்கோழி விஷயம் புதிது. “கருப்பா இருக்கதெல்லாம் ஒரே சாதின்னுலா நெனச்சேன்” என்றார். நீர்க்காகத்தைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. வெடியையும் நிறுத்தப்போவதில்லை, நாமக்கோழி மேயும் கிழக்கு மூலையில் மட்டும் போடமாட்டேன் என்றார், அதுவும் வெடிச்செலவு மிச்சம் என்பதால்.

பங்குனியில் தண்ணீர் வற்றியதும் வலை இழுப்பார்கள். எத்தனை வகை மீன் விழுகிறது என்று பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டோம்.

“வாங்க. ஆனா வெல கேட்டா சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

(தொடரும்)