ஏரின்னா நீலம்தானா? ஜவ்வாது மலையை ஆயில் பெயின்ட்டிங்ல வரையலாம் வாங்க!

ஜவ்வாது மலைக்கு ட்ரிப் போனா, ஜமுனாமரத்தூர் கோமுட்டேரி பக்கம் ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீங்க. அதைப் பார்த்து ஆயில் பெயின்ட்டிங் வரைய உட்கார்ந்தா, கை நேரா நீல ட்யூபுக்குத்தான் போகும். படம் சொதப்புறதும் அங்கதான்! ஓவியருக்கு அசையாத ஏரி ஒரு கண்ணாடி. மலையையும் வானத்தையும் சரியா வரைஞ்சாலே பாதி ஏரி ரெடி.

முதல் கோட்: பெயின்ட்டில் டர்பன்டைன் கலந்து, மெல்லிசா மலை, கரை, நிழல்களை மட்டும் குறிச்சுக்கோங்க. அடுத்தடுத்த கோட்களில் ஆளி விதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். இதையே தலைகீழா செஞ்சா, பின்னாடி படத்துல வெடிப்பு விழும்.

மலை: இடையில இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறதால, தூரத்து மலை வெளிறிய நீலமா தெரியும். அல்ட்ராமரைன் ப்ளூ, ஒயிட், துளியூண்டு பர்ன்ட் சியன்னா போதும். பக்கத்து மரங்களுக்கு ட்யூப் பச்சை வேண்டாம். அல்ட்ராமரைனோட யெல்லோ ஓக்கர் கலந்தா காட்டுப் பச்சை கிடைக்கும். போட்டோவில் நிழல் கறுப்பா அடைஞ்சிடும். அதனால அங்க இருக்கும்போதே நிழலோட நிறத்தை மொபைல்ல குறிச்சு வைங்க.

தண்ணி: பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழணும். கரும்பச்சை மரம் தண்ணியில கொஞ்சம் வெளிறியும், பளிச் வானம் கொஞ்சம் மங்கியும் தெரியும். பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள உலர்ந்த பிரஷ்ஷால பக்கவாட்டில் லேசா தடவுங்க. கடைசியா வானத்து நிறத்தில் ரெண்டு மெல்லிய படுக்கைக் கோடு போட்டா, காத்து வீசுற மாதிரி இருக்கும்!

இதை மறக்காதீங்க: ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்ல, எண்ணெய் ஆக்ஸிஜனோட சேர்ந்து இறுகுது. அப்போ சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டா, அந்தச் சூடு வெளியேற வழியில்லாம தானாவே தீப்பிடிக்கலாம். துணியைத் தனித்தனியா விரிச்சு, வெளியில காயவைங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு வரைங்க. ஏரிக்கரையில உட்கார்ந்து வரைஞ்சா, பிரஷ் கழுவின டர்பன்டைனைத் தண்ணியில கொட்டாம, மூடி போட்ட பாட்டில்ல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க. நீங்க வரைஞ்ச ஏரி அடுத்தவங்களுக்கும் அப்படியே இருக்கணும்ல!