இசபெல்லா யார்?

சென்ற மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் என் குறிப்பேட்டின் அட்டையில் ‘இசபெல்லா’ என்று எழுதியிருப்பதைக் கண்டுவிட்டார். அன்று மாலைக்குள் விடுதித் தமிழர் அனைவரும் என்னை ஒரு தினுசாகப் பார்க்கத் தொடங்கினார்கள். “கல்யாணச் சாப்பாடு எப்போது?” என்று கேட்டவரும் உண்டு.

அன்பர்களே, இசபெல்லா ஒரு மோட்டார் வண்டி. நான் அதை நேரில் கண்டதுகூட இல்லை. ஆயினும் அதன்பால் எனக்குள்ள பற்றுக்குக் காரணம் உண்டு.

ஜெர்மனியில் 1890இல் ஒரு நிலக்கரி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் கார்ல் போர்க்வார்டு. பூட்டுத் தொழில் கற்றுப் பின் பொறியியல் பயின்றவர். 1924இல் அவர் செய்த முதல் வண்டி மூன்று சக்கரங்கள் கொண்ட சிறு சாமான் வண்டி. தபால் இலாகாவும் அதை வாங்கியது. கால் நூற்றாண்டுக்குள் அவர் பிரேமன் நகரின் பெரும் ஆலை முதலாளியானார்.

1954இல் வெளிவந்தது இசபெல்லா. சோதனைக் காலத்தில் இரகசியத்துக்காக வைத்த புனைபெயரே நிலைத்துவிட்டது. பழைய வண்டிகளில் அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடலைப் பொருத்துவார்கள். இசபெல்லாவில் உடலே சட்டம். முட்டை ஓடு மெல்லியதாயினும் அதன் வளைவே அதற்கு வலிமை தருகிறதல்லவா? அதே தத்துவந்தான். எடை குறைந்தது; 1,493 கன சென்டிமீட்டர் எஞ்சினே போதுமானதாயிற்று. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்குமாதலால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அதற்காக வருந்த வேண்டியதில்லை.

1957இல் வந்த கூபேதான் என் உள்ளங்கவர்ந்தது. இரண்டே கதவுகள், தாழ்ந்து பின்னோக்கிச் சரியும் கூரை. எஞ்சினுக்குள் எரிவாயுக் கலவையை மேலும் அழுத்திச் சுடுவதால், சாதாரண இசபெல்லாவின் 60 குதிரைத் திறன் இதில் 75 ஆகியது. பின் இருக்கையில் குழந்தைகள்தாம் உட்காரலாம். குடும்பத்துக்கு உதவாத வண்டி என்பீர்கள். உண்மைதான், அழகுக்காகச் செய்தது அது. இசபெல்லா வண்டிகள் 2,00,000-க்கு மேல் விற்றன. அவற்றில் கூபே 10,000-ஐக்கூட எட்டவில்லை.

இத்தகைய வண்டி செய்தவர் ஏன் வீழ்ந்தார்? யுத்தத்துக்குப் பின் எஃகு பங்கீட்டில் கிடைத்தது. நிறுவனத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. போர்க்வார்டு தம் நிறுவனத்தைப் போர்க்வார்டு, கோலியாத், லாய்டு என மூன்றாகப் பிரித்து மூன்று பங்கு பெற்றார். பஞ்ச காலத்துக்கு நல்ல யுக்தி! பஞ்சம் தீர்ந்த பின்னும் மூன்று அடுப்புகளும் அணையவில்லை. மூன்று பெயரில் வெவ்வேறு வண்டிகள், வெவ்வேறு எஞ்சின்கள், வெவ்வேறு உதிரிப் பாகங்கள். ஒரே வண்டியை இலட்சக்கணக்கில் செய்தவர்களோடு இவர் எப்படிப் போட்டியிடுவார்? 1959இல் வந்த லாய்டு அரபெல்லாவினுள் மழைநீர் ஒழுகியது. 1960இல் அமெரிக்கச் சந்தை சுருங்க, விற்காத வண்டிகள் தேங்கின.

ஆலையில் இயந்திரம் இருந்தது, நிலம் இருந்தது, தொழில் தெரிந்த கைகள் இருந்தன. அந்த மாதச் சம்பளத்துக்கு ரொக்கம் இல்லை! பிரேமன் மாநில அரசு கடனுக்கு மேலும் பொறுப்பேற்க மறுத்தது. 1961 பிப்ரவரி 4ஆம் நாள் போர்க்வார்டு தம் உடைமையை அரசிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டிலேயே நிறுவனம் திவாலாயிற்று. 1963இல் அவர் காலமானார்.

இனித்தான் கதையின் உயிர்நாடி. சொத்துகளை விற்றுக் கணக்கு முடித்தபோது, கடன் கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய முழுத் தொகையும் கிடைத்தது. அப்படியானால் அவர் திவாலானவர்தாமா? போட்டியாளரின் சூழ்ச்சி என்பாரும் உண்டு. எனக்குச் சூழ்ச்சி தேவைப்படவில்லை, கணக்கே போதும். உடைமை வேறு, கைப்பணம் வேறு. முன்னது எவ்வளவு இருந்தாலும் பின்னது ஒரு மாதம் வற்றினால் போதும், ஆலை சாகும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது ஜெர்மனியிலன்று, கோவையில். என் தந்தை அங்கே இரண்டு கடைசல் இயந்திரங்களோடு சிறு பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு வேண்டிய பாகங்கள் கடைந்தார். வர வேண்டிய பணம் ஆறு மாதம் தாமதித்தது. கடன் கொடுத்தவர் மூன்று மாதங்கூடப் பொறுக்கவில்லை. இயந்திரங்களை விற்றார். அசலும் வட்டியும் தீர்ந்து கையில் சிறிது மிச்சமும் இருந்தது. “யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லை, தம்பி” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் முதல் வேறொருவர் பட்டறைக்குக் கூலிக்குச் சென்றார், இன்றும் செல்கிறார்.

போர்க்வார்டின் பெயரை அவர் பேரன் 2008இல் மீட்டார். சீன நிறுவனமொன்றின் துணையோடு புதிய வண்டிகள் வந்தன. 2022இல் அதுவும் திவாலாயிற்று. பழைய ஆலை இருந்த இடத்தில் மெர்சிடஸ் வண்டிகள் உருவாகின்றன. ஆனால் பழைய கூபேக்களை இன்றும் பலர் கண்போலக் காத்து ஓட்டுகிறார்கள்.

இப்போது தெரிந்ததா, இசபெல்லா யாரென்று? கல்யாணச் சாப்பாடு கேட்ட நண்பர்கள் பொறுத்தருள்க. என்றேனும் கோவையில் அந்தப் பட்டறையை மீண்டும் திறப்பேன். அன்று சாப்பாடு நிச்சயம்.